வீட்டு டாய்லெட் கழுவுவது எப்படி? எந்தக் கறைக்கு எது, எத்தனை நேரம், எதை எதோடு சேர்க்கக் கூடாது: முழுமையான வழிகாட்டி

ஒரே தெரு, ஒரே போர் தண்ணீர். ஆனாலும் டாய்லெட் கழுவும் விதம் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தேய்ப்பார்கள். அடுத்த வீட்டில் பிளீச்சிங் பவுடர் தூவினால்தான் மனசு ஆறும். எதிர் வீட்டில் பினாயில் வாசனை வந்தால்தான் கழுவியதாகவே ஒத்துக்கொள்வார்கள். மாடியில் குடியிருப்பவர்கள் ஹார்பிக்கைச் சுற்றிவர ஊற்றி, ஐந்து நிமிடத்தில் ஃபிளஷ் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். துணி துவைத்த சோப்புத் தண்ணீரை ஊற்றி விளக்குமாற்றால் தேய்ப்பதோடு சரி என்று இருக்கும் வீடுகளும் நிறைய உண்டு. பெரும்பாலும் அம்மா செய்ததைப் பார்த்துப் பழகியது. அதனால்தான் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனதும் இதில் ஒரு சின்ன இழுபறி வந்துவிடுகிறது.

இதில் எந்த வீட்டு முறையும் முழுக்கத் தப்பில்லை. ஒவ்வொன்றும் ஒரு வகை அழுக்குக்குச் சரியான மருந்து; மற்றதற்கு வீண். எங்கே தவறுகிறோம் என்றால், ஊறவைக்க வேண்டிய இடத்தில் அவசரப்பட்டு, அது போகவில்லை என்றதும் இன்னும் காரமான சரக்கைத் தேடுகிறோம். தினமும் ஒரு நிமிடம், வாரம் ஒருமுறை அரைமணி நேரம், சரியான மருந்து, அது ஊறுவதற்கு நேரம். இவ்வளவு இருந்தால் சாதாரண வீட்டுக்குத் தெருவில் சில்லறையாக விற்கும் ஆசிட் தேவையே இல்லை.

முதலில் கறை எப்படிப்பட்டது என்று பாருங்கள்

பாத்ரூம் லைட்டைப் போட்டு, கோப்பையை ஒருமுறை காய்ந்த நிலையில் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது பாதிக் கறை கண்ணுக்குத் தெரியாது.

வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ, கையுறை போட்ட விரலால் தடவினால் சொரசொரப்பாக இருப்பது உப்புத் தண்ணீர் விட்டுப்போன படிவு. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீர் காயக் காயப் பீங்கானில் ஒட்டிக்கொள்கின்றன. சோப்பும் பிளீச்சிங் பவுடரும் இதை அசைக்காது. அமிலம் மட்டும்தான் கரைக்கும்.

தண்ணீர் நிற்கும் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் மஞ்சளாக, கொஞ்சம் தடிமனாக இருப்பது சிறுநீரில் உள்ள உப்பும் தண்ணீரில் உள்ள உப்பும் சேர்ந்து இறுகியது. இதற்கும் அமிலம்தான். கடுமையான மூத்திர வாடை வரும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

துருப்பிடித்த மாதிரி பழுப்பாக, தண்ணீர் வழியும் பாதையில் கோடு கோடாக இருந்தால் அது தண்ணீரில் உள்ள இரும்பு. இதில் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ போட்டால் கறை இன்னும் அழுத்தமாகிவிடும். குளோரின் பட்டதும் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பும் துருவாக மாறிப் படிந்துவிடுகிறது. "எவ்வளவு பிளீச்சிங் போட்டாலும் பழுப்பு போகவே இல்லை" என்பவர்கள் வீட்டில் நடப்பது இதுதான்.

பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் வழவழவென்று இருப்பது உயிருள்ள அழுக்கு: பாசி, பூஞ்சை, பாக்டீரியா. இதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, அப்புறம் பிளீச்சிங் கரைசல் விட்டால் திரும்ப வரத் தாமதமாகும்.

மலம் ஒட்டியது என்றால் அதற்கு மருந்தே வேண்டாம். தண்ணீர், பிரஷ், கொஞ்சம் சோப்பு, அவ்வளவுதான்.

எந்த மருந்து என்ன செய்யும்

ஆசிட்டில் தொடங்கலாம். சைக்கிளிலும் மூன்று சக்கர வண்டியிலும் பினாயிலோடு சேர்த்து விற்றுக்கொண்டு வரும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். எத்தனை சதவீதம் என்று பாட்டிலில் எழுதியிருக்காது. ஒரு முறை வாங்கியது நீர்த்திருக்கும், அடுத்த முறை வாங்கியது மூடியைத் திறந்ததுமே புகையும். ஆசிட் வீச்சுக் கொடுமைகளைத் தொடர்ந்து 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது. அந்த அளவுக்கு ஆபத்தான பொருள், குழந்தைகள் எட்டும் உயரத்தில் பாத்ரூம் மூலையில் நிற்க வேண்டியதில்லை.

ஆசிட் பீங்கானைவிட அதைச் சுற்றியுள்ளவற்றைத்தான் அதிகம் கெடுக்கும். டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்டை அரித்துவிடும். மொசைக் தரை, மார்பிள், கடப்பா கல் எல்லாவற்றின் மேற்பரப்பையும் தின்றுவிடும்; கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை என்பதால் பட்ட இடம் மங்கிப்போகும். ஆவி பட்டே குழாய்களின் பளபளப்புப் போகும். இடுக்கு அரித்துப் பள்ளமானதும் அங்கே சிறுநீர் இறங்கி ஊறும். வருடக்கணக்காக ஆசிட் விட்டுக் கழுவிய பாத்ரூமில் எவ்வளவு கழுவினாலும் வாடை விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹார்பிக் மாதிரியான நீலத் திரவங்களிலும் இருப்பது அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். ஆனால் அளவு தெரியும், சுமார் 10 சதவீதம். அதோடு கூழாக இருப்பதால் சரிவில் வழியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒட்டும் தன்மைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். ஊற்றிய உடனே தேய்த்துக் கழுவிவிட்டால் அந்தக் காசு வீண்.

பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், பாசியை வெளுக்கும், உப்புக் கறையைத் தொடாது. நல்ல பவுடரில் சுமார் 30 சதவீதம் குளோரின் இருக்கும். கட்டியாகி, ஈரம் ஏறி, வாசனை போய்விட்ட பவுடரில் வீரியமும் போயிருக்கும். அதனால் சின்னப் பொட்டலமாக வாங்கி, காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். உலோக டப்பா அரித்துப்போகும்.

பினாயில் கடைசியில் போட வேண்டியது. அழுக்கின் மேல் ஊற்றினால் அழுக்கின் மேல் ஒரு வாசனை கிடைக்கும், வேறொன்றும் நடக்காது. கழுவி முடித்த தரைக்கு, ஒரு வாளித் தண்ணீரில் பாட்டிலில் சொன்ன அளவு கலந்து விட்டால் போதும். பினாயில் வாசனைதான் சுத்தம் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது. நன்றாகக் கழுவிய டாய்லெட்டில் எந்த வாசனையும் இருக்காது, நல்ல வாசனைகூட.

அந்துருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. வாஷ்பேசினிலும் டாய்லெட்டிலும் போடும் வெள்ளை உருண்டை பெரும்பாலும் நாப்தலீன். பிறவியிலேயே ஒரு நொதி குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இந்த நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் வயதில் பிள்ளை இருந்தால் வீட்டிலேயே வேண்டாம்.

இப்போது வீட்டுச் சரக்குகள். வினிகரும் எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டும் மென்மையான அமிலங்கள். உப்புக் கறையை நிதானமாகக் கரைக்கும், ராத்திரி முழுக்க விட வேண்டும். சமையல் சோடா லேசாகத் தேய்க்க உதவும். ஆனால் வீடியோக்களில் காட்டுவது போல வினிகரையும் சோடாவையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று அடக்கிவிடும். நுரை பொங்குவது கண்ணுக்கு நன்றாக இருக்கும், மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். வேண்டுமானால் ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று.

பழத்தோல் என்சைம் செய்யும் வீடுகளும் இப்போது நிறைய இருக்கின்றன. வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும், கண்ணாடி ஜாடியில் செய்யக் கூடாது, வெடிக்கும். தினசரித் தேய்ப்புக்கும் தரைக்கும் இது அருமையான பொருள். செப்டிக் டேங்க்குக்கும் கெடுதல் இல்லை. இறுகிப்போன பழைய கறையை இது எடுக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்

பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்க்காதீர்கள். பிளீச்சிங்கையும் ஹார்பிக்கையும் சேர்க்காதீர்கள். பிளீச்சிங்கையும் வினிகரையும் சேர்க்காதீர்கள். "ரெண்டும் போட்டா ரெட்டிப்பா வேலை செய்யும்" என்று நினைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். சேர்ந்த அந்த நொடியே குளோரின் வாயு கிளம்பும்.

குளோரின் காற்றைவிட கனமானது. மேலே போகாமல் தரையோடு தங்கும். இந்தியன் டாய்லெட்டைக் குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் முகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது நிற்கும். நான்கடிக்கு நான்கடி அறை, சாத்திய கதவு, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். இந்த அமைப்பில் ஒரு கைப்பிடி பவுடரே ஆபத்தாகிவிடும்.

கண் எரிந்து, தொண்டை கமறி, இருமல் வந்தால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று உள்ளே நிற்காதீர்கள். அப்படியே வெளியே வாருங்கள், வீட்டு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுக்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். முதலில் சாதாரணமாக இருந்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் கூடுவதும் உண்டு. அதனால் ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

சிறுநீர் தேங்கி நிற்கும் கோப்பையில் நேராகப் பிளீச்சிங் போட்டாலும் எரிச்சலூட்டும் வாயு வரும். முதலில் ரெண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அப்புறம்தான் பிளீச்சிங். ஒரு வாரம் அமிலத் திரவம், வேறொரு நாள் பிளீச்சிங் என்று பிரித்துக்கொள்வது எல்லாவற்றையும்விட நல்லது.

இன்னொன்று: ஆசிட்டையோ பினாயிலையோ தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலும் ஊற்றி வைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

ரப்பர் கையுறை ஒரு ஜோடி, அது டாய்லெட்டுக்கு மட்டும். கைப்பிடி நீளமான பிரஷ். வெஸ்டர்ன் என்றால் விளிம்புக்கு அடியில் நுழைய வளைந்த தலை உள்ளது நல்லது. இடுக்குக்கு ஒரு பழைய டூத் பிரஷ். தரைக்கு ஒரு கட்டை பிரஷ், ஒரு வைப்பர்.

தென்னை விளக்குமாறு இன்றும் பல வீடுகளில் டாய்லெட்டுக்கென்று தேய்ந்த கட்டையாக மூலையில் நிற்கிறது. தரைக்கு அதை மிஞ்ச ஆளில்லை, சொரசொரத் தரையில் பாசியைச் சுரண்டி எடுத்துவிடும். கோப்பைக்குள் மட்டும் வேண்டாம். ஈர்க்கு ஒடிந்து உள்ளே போய் வளைவில் மாட்டிக்கொள்ளும், அதில் முடியும் துணி நூலும் சிக்கி அடைப்பு ஆரம்பிக்கும்.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைக் கோப்பையில் போடாதீர்கள். பீங்கானின் கண்ணாடிப் பூச்சில் கீறல் விழும், அந்தக் கீறலில்தான் அடுத்த கறை முதலில் பிடிக்கும். உதிர்ந்த கம்பித் துகள் துருப்பிடித்து இன்னொரு கறையாகும்.

தினமும் ஒரு நிமிடம்

1. போவதற்கு முன்னால் கோப்பையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். இந்தியன் டாய்லெட் உள்ள வீடுகளில் பெரியவர்கள் கைப்பழக்கமாகவே செய்தது இது. காய்ந்த பீங்கானில் ஒட்டுவது ஈரமான பீங்கானில் ஒட்டாது. பாதி வேலை இதிலேயே குறைந்துவிடும்.

2. போன பிறகு, ஒட்டியிருந்தால் அவரவரே பிரஷால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஃபிளஷ் செய்ய வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

3. ராத்திரி கடைசியாகப் போகிறவர் கொஞ்சம் சோப்புத் தண்ணீரோ என்சைமோ விட்டு, முழுக் கோப்பையையும் ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டால் போதும். துணி துவைத்த தண்ணீர் மிச்சம் இருந்தால் அதுவே நல்ல சரக்கு.

வாரம் ஒருமுறை முழுக் கழுவல்

எந்தக் கிழமை என்பது வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வீடுகளில் வியாழன் மாலையே டாய்லெட்டை முடித்துவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு காலைதான் கிடைக்கும். என்னைக் கேட்டால் ராத்திரிதான் சிறந்த நேரம். எல்லோரும் போய் முடித்திருப்பார்கள், மருந்து நிம்மதியாக ஊறும், கழுவிய தரை விடிவதற்குள் காய்ந்துவிடும். ஒரே டாய்லெட் உள்ள வீட்டுக்கு வேறு வழியும் இல்லை. ராத்திரி எழுந்து போகும் பெரியவர்கள் இருந்தால் மட்டும் ஊறவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள். படுப்பதற்கு முன்பே கழுவி, வைப்பரால் தண்ணீரை இழுத்துவிட வேண்டும். சோப்பும் பினாயிலும் தரையில் மெல்லிய படலமாக நின்றால் வழுக்கும்.

1. ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். வாளி, மக், டூத் பிரஷ், துண்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

2. கோப்பையில் தேங்கிய தண்ணீரைக் குறையுங்கள். பிரஷ்ஷை வளைவுக்குள் நாலைந்து முறை வேகமாக அழுத்தித் தள்ளினால் தண்ணீர் இறங்கிவிடும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் வேலை இது. தண்ணீர் நிறைய நின்றால் மருந்து அதில் கலந்து நீர்த்து, மஞ்சள் கறை இருக்கும் இடத்திலேயே வேலை செய்யாமல் போய்விடும்.

3. ஹார்பிக் மாதிரியான அமிலத் திரவத்தை விளிம்புக்கு அடியில் தொடங்கிச் சுற்றிவர விடுங்கள். இந்தியன் டாய்லெட்டில் கால் வைக்கும் இடத்தின் வரிப்பள்ளங்களில் இதை ஊற்ற வேண்டாம். பக்கத்திலேயே டைல்ஸ் இடுக்கு இருக்கிறது, அங்கே சோப்புத் தண்ணீர்தான்.

4. குறைந்தது 20 நிமிடம் விடுங்கள். உப்பு அதிகமான தண்ணீர் என்றால் ஒரு மணி நேரம்கூட விடலாம். இந்த நேரத்தில் மற்ற வேலையைப் பார்க்கலாம்.

5. மேலிருந்து கீழே வாருங்கள். ஃபிளஷ் டேங்க் மூடி, ஃபிளஷ் பட்டன், ஹெல்த் ஃபாசெட் கைப்பிடி, குழாய்த் திருகு, கதவுத் தாழ்ப்பாள். கழுவாத கை படும் இடங்கள் இவைதான். கோப்பையைவிட இங்கேதான் கிருமி கைமாறுகிறது. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். அந்தத் துணி வேறெதற்கும் போகக் கூடாது.

6. வெஸ்டர்ன் என்றால் சீட்டின் மேல்பக்கம், அடிப்பக்கம், அப்புறம் சீட் மாட்டியிருக்கும் கீல். ஆண்கள் நின்றுகொண்டு போகும் வீடுகளில் கீலைச் சுற்றியும் கோப்பையின் வெளிப்புறத்திலும் தெறிப்பு காய்ந்திருக்கும். டூத் பிரஷ் இங்கேதான் வேண்டும். பிளாஸ்டிக் சீட்டில் ஆசிட் திரவம் விடாதீர்கள், நிறம் மங்கும்.

7. இப்போது கோப்பைக்குத் திரும்புங்கள். விளிம்படி, சுவர், தண்ணீர் மட்டம், கடைசியில் வளைவின் வாய் என்று தேயுங்கள். இந்தியன் டாய்லெட்டில் முன்பக்கத்துச் சரிவையும் வளைவின் வாயையும் ரெண்டு தடவை தேய்க்க வேண்டும், மற்ற இடம் தானாக வந்துவிடும்.

8. தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிரஷ்ஷையும் அதே சுத்தமான தண்ணீரில் அலசி, கைப்பிடியை சீட்டுக்கும் கோப்பைக்கும் நடுவில் கிடத்தி, பிரஷ் தலை கோப்பைக்குள் சொட்டும்படி கொஞ்ச நேரம் விடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் சொருகினால் டப்பாவின் அடியில் தேங்கும் கறுப்புத் தண்ணீர்தான் பாத்ரூமிலேயே மோசமான அழுக்கு.

9. கடைசியாகத் தரை. சோப்பு, கட்டை பிரஷ், தண்ணீர், வேண்டுமென்றால் பினாயில், வைப்பர். கதவைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். வாளி வாளியாக வாரி ஊற்றிக் கழுவும் வீடுகளுக்கும், ஃபிளாட்டில் துடைத்தே வைத்திருக்கும் வீடுகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்தக் காய்தலில்தான். எப்படிக் கழுவினாலும் சரி, தரை காய்ந்தால் பாசி வராது.

மாதம் ஒருமுறை மறைவிடங்கள்

வெஸ்டர்ன் கோப்பை விளிம்புக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடியை நீட்டிப் பாருங்கள். ஃபிளஷ் தண்ணீர் வரும் துளைகளில் பாதி உப்பு அடைத்திருக்கும். "முன்ன மாதிரி ஃபிளஷ் வேகமா வரலை" என்பதற்குப் பல வீடுகளில் காரணம் டேங்க் இல்லை, இந்தத் துளைகள்தான். பழைய பருத்தித் துணியைக் கயிறு மாதிரி முறுக்கி, திரவத்தில் நனைத்து, விளிம்படியில் சொருகி ஒரு மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஒரு மெல்லிய கம்பியால் ஒவ்வொரு துளையையும் குத்திவிடுங்கள்.

கோப்பையின் பின்புறத்தில் ஒரே இடத்தில் பழுப்புக் கோடு திரும்பத் திரும்ப வருகிறதா? டேங்க்கில் சில சொட்டு நீலம் விட்டு, 20 நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் டேங்க் வாஷர் கசிகிறது. வாஷரை மாற்றினால் அந்தக் கோடும் நின்றுவிடும், தண்ணீரும் மிச்சம். டேங்க்குக்குள் போடும் குளோரின் மாத்திரைகளைத் தவிருங்கள், ரப்பர் வாஷரைக் கெடுப்பவை அவைதான்.

பிடிவாதமான பழைய கறை

வாடகை வீட்டுக்குப் புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் சந்திப்பது இது. முந்தைய குடித்தனம் விட்டுப்போன பழுப்பு. முதலில் கோப்பையில் தண்ணீரை வடித்துவிட்டு, நாலைந்து மேஜைக்கரண்டி சிட்ரிக் ஆசிட்டை ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடாது, பீங்கான் விரிசல் விடலாம். சரிவான இடத்தில் பழைய துணியை நனைத்து ஒட்டிவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறி, காலையில் தேய்த்தால் மேல் அடுக்கு பொருக்காகப் பெயரும். முழுக்கப் போகாது. மறுநாளும் செய்யுங்கள், அதற்கடுத்த நாளும் செய்யுங்கள். கறை அடுக்கு அடுக்காக வந்தது, அடுக்கு அடுக்காகத்தான் போகும்.

துருக் கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட் நன்றாகக் கேட்கும். மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுபவர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளைப் பொடி. விஷம் என்பதால் கையுறை போட்டு, மூக்கை மூடிக்கொண்டு, வேண்டிய அளவு மட்டும் கரைத்துப் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைப் பூட்டி வையுங்கள். இதற்கும் போகவில்லை என்றால் அங்கே கறை இல்லை, பூச்சு தேய்ந்துபோன பீங்கான். அதை மாற்றத்தான் வேண்டும், தேய்த்துப் பயனில்லை.

கழுவியும் வாடை வந்தால்

கோப்பையை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். தண்ணீர் போகும் மூலையில் இருக்கும் ஜாலியைக் கழற்றினால் உள்ளே முடியும் சோப்பும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி இருக்கும். கையுறையோடு எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அந்தக் கிண்ணத்தைப் பிரஷால் தேய்த்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். பிளம்பர்கள் நானி ட்ராப் என்று சொல்வது இதைத்தான். அதில் எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வராமல் தடுக்கிறது. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பும்போது வீடே நாறுவதற்குக் காரணம், அந்தத் தண்ணீர் வற்றியதுதான். கிளம்பும்போது ட்ராப்பிலும் கோப்பையிலும் தண்ணீர் நிறைத்து, மேலே ரெண்டு கரண்டி எண்ணெய் விட்டுவிட்டுப் போனால் ஆவியாவது குறையும்.

அதிலும் வாடை போகவில்லை என்றால் கோப்பையும் தரையும் சேரும் இடத்து இடுக்கைப் பாருங்கள். வெள்ளை சிமெண்ட் உதிர்ந்திருந்தால் டைல்ஸ் கிரவுட் வாங்கி அடைத்துவிடுங்கள்.

வீட்டில் வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை இருந்தால்

அப்போது மட்டும் பிளீச்சிங் பவுடர் முதல் இடத்துக்கு வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 3 கிராம் பவுடர் கரைத்தால் பொதுவாகத் துடைக்க ஏற்ற கரைசல். மலமோ வாந்தியோ பட்ட இடத்துக்கு ஐந்து மடங்குக்குச் சற்றுக் கூட, அதாவது லிட்டருக்குச் சுமார் 16 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கலக்கித் தெளியவிட்டு, மேலாகத் தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அழுக்கைக் கழுவ வேண்டும், பிறகு கரைசல். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். 10 நிமிடம் ஈரமாகவே நிற்க வேண்டும். தினமும் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள், குழாய், ஃபிளஷ் பட்டன் விட்டுப்போகக் கூடாது.

யார் கழுவுவது

நம் வீடுகளில் எந்த மருந்து என்பதைவிட முக்கியமான கேள்வி இது. எல்லோரும் பயன்படுத்தும் இடத்தைப் பெரும்பாலும் வீட்டுப் பெண் ஒருத்தியே கழுவுகிறாள், அல்லது வேலைக்கு வரும் அக்கா கழுவுகிறார். மலம் அள்ளும் வேலையைப் பரம்பரையாகச் சில சாதிகளின் தலையில் கட்டிவைத்த சமூகம் இது. "டாய்லெட்டை நான் தொட மாட்டேன்" என்று ஒருவர் சொல்லும்போது அதில் அருவருப்பு மட்டுமில்லை, அந்தப் பழைய கணக்கும் இருக்கிறது. கிழமை வைத்து முறை போடுங்கள். ஒரு வாரம் அப்பா, அடுத்த வாரம் மகன், அப்புறம் அம்மா, மகள். ஒருமுறை கீலைத் தேய்த்துப் பார்த்த ஆண்பிள்ளை அடுத்த நாளிலிருந்து கவனமாகவே இருப்பான்.

வேலைக்கு ஆள் வைத்திருந்தால், டாய்லெட் கழுவுவதைத் தனியாகப் பேசி, தனியாகச் சம்பளம் கொடுங்கள். கையுறை, நல்ல பிரஷ், அளவு தெரிந்த திரவம் நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும். சில்லறையாக வாங்கிய ஆசிட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதைப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள்.

செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் கோப்பையில் ஊற்றுவது எல்லாம் கடைசியில் அங்கேதான் போகிறது. மலத்தைச் செரிக்க வைப்பது அங்கே வாழும் பாக்டீரியாக்கள். வாரம் ஒருமுறை விடும் கொஞ்சம் திரவத்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பாட்டில் பாட்டிலாக ஆசிட்டும் கிலோக் கணக்கில் பிளீச்சிங்கும் கொட்டினால் அவை செத்து, டேங்க் சீக்கிரம் நிறையும், நாறும். நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்பான் எதுவும் கோப்பைக்குள் போகக் கூடாது. 2 அல்லது 3 வருடத்துக்கு ஒருமுறை லாரி வரவழைத்துக் கழிவை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கு 14420 என்ற உதவி எண் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் ஆளை டேங்க்குக்குள் இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கியிருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். வந்தவர்களே "நான் இறங்கிப் பார்க்கிறேன் சார்" என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லி, இயந்திரம் உள்ள வேறு லாரியைக் கூப்பிடுங்கள்.